கொச்சி யூத ஜெப ஆலயத்தில் சிலை இல்லையென்றால், அங்கே புனிதமானது எது?

மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் நீல ஓடுகளையும் சரவிளக்குகளையும் தவிர வணங்குவதற்கென்று எதையுமே காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாக் குழுவோடு போய், வழிகாட்டி காட்டியதை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் யூதன் அல்லன். ஆனால் அந்தத் தெருவுக்கு அருகில் ஒரு மிளகுக் கிடங்கில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்குச் சிறிதேனும் உண்டு.

அங்கே புனிதத்தின் உச்சியில் இருப்பது, மோசேயின் ஐந்து நூல்களைக் கொண்ட தோரா சுருள். பதப்படுத்திய தோலில் 3,04,805 எழுத்துகளையும் கையால் எழுதுவார்கள். ஓர் எழுத்து பிழைபட்டாலும், திருத்தும் வரை அதை வழிபாட்டில் வாசிக்க இயலாது. மற்றப் பொருள்கள் அச்சுருளுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு புனிதம் பெறுகின்றன. இதை மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு ஒரு விற்பனை விதியாகவே வகுத்திருக்கிறது: ஜெப ஆலயத்தை விற்ற பணத்தில் சுருளை வைக்கும் பேழை வாங்கலாம், பேழையை விற்றுச் சுருளின் உறைகளை வாங்கலாம், உறைகளை விற்றுப் பிற வேத நூல்களையும், அவற்றை விற்றுத் தோராவையும் வாங்கலாம், ஆனால் இந்த வரிசையில் மேலிருந்து கீழே இறங்கக் கூடாது. அதாவது 1568இல் எழுந்த அந்தக் கட்டடம் முழுவதையும்விட, அதன் மேற்குச் சுவரில் எருசலேமை நோக்கி நிற்கும் மரப்பேழை ஒரு படி உயர்ந்தது.

தோரா மகிழ்ச்சித் திருநாள் ஒன்றில், பக்கத்து வீட்டுப் பெரியவர் அழைத்ததால் உள்ளே நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேழையின் திரையை விலக்கிக் கதவைத் திறந்ததும், வெள்ளித் தகடு போர்த்திய உருளைக் கூடுகள் நிமிர்ந்து நின்றன. கூடு இரண்டாக விரிகிறது. சுருளைக் கிடத்தாமல் நின்ற நிலையிலேயே வாசிக்கிறார்கள். எழுத்தின் மீது விரல் படுவதில்லை. நுனியில் சிறு கை வடித்த வெள்ளிக் கோல்தான் வரியைத் தொடர்கிறது. நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை உண்டு. கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய இன்னொரு வாசிப்பு மேடை மாடியிலும் உண்டு என்பதைக் கீழே நின்று பார்ப்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திருவிதாங்கூர் அரசர் 1805இல் அளித்த பொற்கிரீடமும் சுருளுக்குச் சூட்டத்தான். எந்த மனிதர் தலைக்கும் அல்ல.

பின்னாளில் என் உறவினர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, ஒரு வழிகாட்டி பேழையைச் சுட்டி, 'அது பழைய அலமாரி' என்று சொல்லிவிட்டுச் சரவிளக்கின் விலைக்குத் தாவினார். எனக்கு மனம் கொதித்தது. ஒரு சமூகம் நூற்றாண்டுகளாக எழுந்து நின்று வணங்கிய ஒன்றை அலமாரி என்பதற்கு எப்படி நாக்கு எழுகிறது? ஓடுகளை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் கொள்ள வேண்டாம். சீனத்தில் கையால் தீட்டிய அந்த 18ஆம் நூற்றாண்டு ஓடுகள் அழகுதான். ஆனால் அவை தரை, மிதிப்பதற்கு உரியவை. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்துத் தந்த செப்பேடுகளும், தமிழர்களாகிய நாம் ஆவலோடு தேடுபவை எனினும், உரிமைப் பட்டயமே தவிர வழிபாட்டுப் பொருள் அல்ல.

சுருள் பழுதடைந்தால் அதைக் குப்பையில் எறிய மாட்டார்கள். மண்ணில் அடக்கம் செய்வார்கள். அதைத் தாங்கிய கூட்டுக்கும் உறைக்கும்கூட அதற்குரிய மரியாதை உண்டு.

கேரளத்திலேயே உள்ள பரூர் ஜெப ஆலயத்துக்கும் போவதாக இருந்தால், அங்கே இப்போதுள்ள பேழை நகல் என்பதை அறிந்து செல்லுங்கள்; மூலப்பேழை எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்டது. மட்டாஞ்சேரிக்கு மீண்டும் போனால், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையைத் தவிர்த்துவிட்டு, ஓடுகளைப் பார்ப்பதற்கு முன் மேற்குச் சுவரின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். கதவைத் திறந்து காட்டும்படி மட்டும் கேட்காதீர்கள்.