அயர்லாந்துக்காரர்கள் கேட்காத இழப்பீட்டைக் கறுப்பினத்தவர் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகளுக்குப் பள்ளியில் விவாதப் போட்டி. அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளுக்கு இழப்பீடு வேண்டும் என்று பேசப்போகிறாள். "அயர்லாந்துக்காரர்களும் பட்டினியோடு வந்து முன்னேறினார்களே" என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வது?

பதில்: யார் அதிகம் கஷ்டப்பட்டார்கள் என்ற போட்டியில் அவள் இறங்கவே வேண்டாம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். பிழைத்து அமெரிக்கா வந்தவர்களும் அவமானப்பட்டார்கள். அதைக் குறைத்துப் பேசுவது தப்பு.

சட்டம் இந்த இரு தரப்பாரையும் என்னவாக வைத்திருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். 1790ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் கதவு திறந்தது. அயர்லாந்துக்காரர் அதற்குள் நுழைந்தார். குடிமகனாகி ஓட்டுப் போட்டார், கூலியைச் சேர்த்து நிலம் வாங்கினார், அதைப் பிள்ளைக்கு விட்டுப்போனார். அடிமைப் பெண்ணுக்கோ பெற்ற பிள்ளையே சொந்தமில்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டுவிட்டது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் மகளுக்குப் பலமான இடம். 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது அரசு இழப்பீடு கொடுக்கத்தான் செய்தது. வாங்கியவர்கள் எஜமானர்கள், ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை! 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஷெர்மன் தெற்கின் கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று விடுதலையானவர்களுக்கு ஒதுக்கினார். அதே ஆண்டே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அவற்றைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். 1930களில் வீட்டுக்கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் தந்தபோதும் கறுப்பினத்தவர் பகுதிகள் புறக்கணிக்கப்பட்டன. சாதாரணக் குடும்பங்கள் சொத்து சேர்த்ததே வீட்டின் மூலம்தான்.

குடியேறியவர்களுக்கு இழப்பீடே கிடைத்ததில்லை என்பதும் சரியல்ல. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரிடம் அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. தீங்கு செய்தது அரசே என்பதால் கொடுத்தது.

"அடிமையாக இருந்தவர் எவரும் இன்று உயிரோடு இல்லையே" என்று மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். வீட்டு விஷயத்தில் புறக்கணிக்கப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லட்டும். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919 முதல் 1969 வரையிலான காலத்தில் அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் நேரடி வாரிசுகளுக்கும் வீட்டுச் செலவுக்கு 25,000 டாலர் வரை தரும் திட்டத்தை 2021இல் ஏற்றது.

"பிறகு வந்த நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்று உங்களுக்கே தோன்றலாம். கொடுக்க வேண்டியது அரசு. அரசின் பழைய கடன்பத்திரங்களுக்கு நம் வரியிலிருந்தும்தான் வட்டி போகிறது. நம்மவர்கள் பெரும் எண்ணிக்கையில் வர வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய அதே ஆண்டுகளில் பிறந்ததுதான். அவளிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.