மூணு காயத்துக்கு எத்தனை கோட்?

கேள்வி: அக்கா, சேலத்துல அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு மெடிக்கல் கோடிங் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதுக்கான கோட் எண் போடுறது) கத்துக்கிட்டு இருக்கேன். எமர்ஜென்சி சார்ட் (டாக்டர் எழுதின சிகிச்சைக் குறிப்பு) ஒண்ணு, பைக்ல விழுந்தவர், முன்கையில 3 செ.மீ., கெண்டைக்கால்ல 4 செ.மீ., நெத்தியில 2 செ.மீ., எல்லாமே ஒரே அடுக்கு தையல். மூணு கோட் போட்டேன், தப்புன்னுட்டாங்க. ஏன்?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மனசு விட்டுராதம்மா, எல்லாரும் முதல்ல சறுக்குற இடம் இதுதான். தையலோட வகையும் ஒண்ணா இருந்து உடம்புப் பகுதியும் ஒரே குரூப்பா இருந்தா நீளத்தைக் கூட்டணும், கையும் காலும் ஒரே குரூப், அதனால 3+4=7 செ.மீ., சாதாரண தையலுக்கான 12002 கோட் ஒண்ணே போதும். முகம் வேற குரூப், நெத்திக்கு தனியா 12011, ரெண்டாவதா வர்ற கோட்ல 59 மாடிஃபையர் (இது தனி காயம்னு காட்ட கோடோட சேர்க்கிற எண்).

இப்ப முக்கியமான விஷயம். அதே கால் காயத்துல, நம்ம ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல விழுந்தா ஏறுற மாதிரி, மண்ணும் ஜல்லித்தூளும் ஏறி, டாக்டர் ரொம்ப நேரம் கழுவி சுரண்டி எடுத்துட்டு தைச்சேன்னு எழுதியிருந்தா, ஒரே அடுக்கா இருந்தாலும் அது இன்டர்மீடியட் (சாதாரணத்துக்கு அடுத்த வகை தையல்), 12032 ஆயிடும், கையோட கூட்டக்கூடாது. ஆனா சும்மா "கழுவினேன்"னு மட்டும் இருந்தா ஏத்திப் போடாதம்மா, அந்த பில்லைக் கட்டப்போறது அடிபட்ட ஒரு மனுஷன். சார்ட்ல இல்லாதது நமக்கும் இல்ல.

தைக்காம வெறும் ஸ்டெரி ஸ்ட்ரிப் (காயத்தை மூடுற ஒட்டுப் பட்டை) ஒட்டினா தையல் கோடே கிடையாது, டாக்டர் பார்த்ததுக்கான விசிட் கோட்தான். செ.மீ. எழுதலைன்னா ஊகிக்காம டாக்டருக்கு கொய்ரி (விளக்கம் கேட்டு கேள்வி) அனுப்பு.