கிளையை விடுங்கள், துளையைப் பாருங்கள்

கேள்வி: மண்டபம் கடற்கரையில் விரல் நீளத்துக்கு வெள்ளையாகக் கிளைவிட்ட பவளத் துண்டுகள் நிறைய ஒதுங்கிக் கிடந்தன. எல்லாமே மான்கொம்புப் பவளம்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாமே மான்கொம்பு கிடையாது. கிளையின் வடிவத்தை நம்பினால் ஏமாந்துதான் போவீர்கள், ஏனென்றால் ஒரே இனம் அலை மோதும் இடத்தில் குட்டையாக நெருங்கியும் அமைதியான தண்ணீரில் ஒல்லியாக நீண்டும் வளரும். நிறமும் உதவாது. செத்தால் எல்லாம் வெள்ளைதான்.

பார்க்க வேண்டியது துளைகளை. ஒவ்வொன்றும் ஒரு பாலிப், அதாவது பவளத்தைக் கட்டும் குட்டி உயிர், குடியிருந்த கிண்ணம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

முதலில் நுனி. அங்கே மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரே ஒரு துளை, பக்கங்களில் குட்டிக் குட்டிக் குழாய்கள் என்றால் அக்ரோபோரா. மான்கொம்பு இந்தப் பேரினம்தான். கரையில் உருண்டு நுனி தேய்ந்துவிட்டதா? குறுக்கே உடைந்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்த நுனிக் குழாய் கிளையின் நட்டநடுவே ஓடுவது தெரியும்.

பலரும் தடுமாறுவது பொசில்லோபோரா என்ற இன்னொரு கிளைப் பவளத்தில். பாகற்காய் மாதிரி மேலெல்லாம் முண்டுகள் இருக்கும், அதையே குழாய் என்று நினைத்துவிடுவார்கள். அக்ரோபோராவில் ஒரு முண்டுக்கு ஒரு துளைதான். பொசில்லோபோராவில் ஒரே முண்டின் மேலேயே பல துளைகள் இருக்கும். நுனியில் தனித் துளையும் கிடையாது.

முண்டும் இல்லை, குழாயும் இல்லை, விரல் போல வழவழப்பா? துளைகள் சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கமாக இருந்தால் போரைட்டிஸ். சின்னத் துளைகள் தள்ளித் தள்ளி அமுங்கியிருந்து, இடையில் சொரசொரப்பாக இருந்தால் மான்டிபோரா. துளையே இல்லையென்றால் அது பவளமே இல்லை, சுண்ணாம்பு படிந்த பாசி. கரையில் அதுவும் கிடக்கும்.

அப்புறம், அந்தமான், லட்சத்தீவுப் பக்கம் நீந்தும்போது வெளுத்த நுனியோடு கடுகு மஞ்சளில் கிளை தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது மில்லிபோரா, தொட்டால் எரியும். கல் மாதிரி இருந்தாலும், மேலே சொன்ன நான்கு பவளங்களும் அடங்கும் கல்பவள வகையில் சேராது.

இனப் பெயர் வரை போக ஆசைப்பட வேண்டாம். அக்ரோபோராவில் மட்டுமே நூற்றுக்கு மேல் இனங்கள் உண்டு, போட்டோவை வைத்து அடித்துச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நுனி, பக்கம், உடைந்த முகம் மூன்றையும் ஒரு ரூபாய் நாணயத்தோடு படமெடுத்துவிட்டு, துண்டை அங்கேயே போட்டுவிடுங்கள். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் பைக்குள் போட்டால் வழக்குதான்.