எண்ணூர் கழிமுகத்தில் 5 கிராம் லூர் வீச எந்த ராடு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கையில் இருப்பது 8 அடி மீடியம் ஹெவி (விறைப்பான) தூண்டில் ராடு, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பிரைடு (பின்னல் நரம்பு). எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் 4, 5 கிராம் லூர் (செயற்கை இரை) போட்டால்தான் கொடுவா எடுக்கிறது என்கிறார்கள். என் ராடில் அதை வீசவே முடியவில்லை. ஆன்லைனில் 'பாஸ் ராடு' என்று ஏகப்பட்டது கிடக்கிறது. பல வேலைக்கும் ஆகிற மாதிரி ஒரே ராடு, ரீலோடு சேர்த்து 6,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 7 அடி, மீடியம் லைட் (இலேசான லூருக்கு வளைவது), ஸ்பின்னிங் ராடு (ரீல் அடியில் தொங்கும் வகை), இரண்டு துண்டாகக் கழற்றுவது. கைப்பிடிக்கு மேலே லூர் எடை 3.5–12 கிராம் அல்லது 4–14 கிராம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு 2500 அளவு ரீல், பிஇ 1 தடிமன் பிரைடு. பணத்தை ராடுக்குப் பாதி, ரீலுக்குப் பாதி என்று பிரியுங்கள். உப்புத் தண்ணீரில் முதலில் சாகிறது ரீல்தான். ராடிலேயே முக்கால் பணத்தைப் போட்டவர்கள் அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னொரு ரீல் வாங்க வேண்டியிருக்கும்.

இனி காரணங்கள். உங்கள் 8 அடி ராடில் குறை ஒன்றும் இல்லை. வீசும்போது லூரின் எடையால் ராடு பின்பக்கம் வளைய வேண்டும். வளைந்தது நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கிறது. 20 கிராமுக்கு மேல் எதிர்பார்க்கிற ராடின் முனையில் 5 கிராம் தொங்கினால் அது வளைவதே இல்லை. வீசுகிறவர் தோள் பலத்தைக் காட்டுவார், லூர் எதிரிலேயே விழும், தொய்ந்த பிரைடு ரீலில் சுருண்டு முடிச்சாகும்.

எண்ணூரில் கனமான லூர் ஏன் தோற்கிறது என்பதற்கு இடமே பதில். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலும் சேறும் படிந்து பல இடங்கள் மேடாகிவிட்டன. 14 கிராம் ஜிக் (தலையில் ஈயம் வைத்த கொக்கி) போட்டால் விழுந்த வேகத்தில் சேற்றில் புதைந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். 4 கிராம் மெதுவாக இறங்கும், நீரோட்டம் அதை நகர்த்தும், கொடுவா பார்த்து வர நேரம் கிடைக்கும். பழவேற்காடு ஏரியும் பெரும்பாலும் ஆழமில்லாததுதான். ஆக, இலேசான லூர் என்பது நம் வட்டாரத்துக்கு ஆடம்பரம் இல்லை, அவசியம்.

எடைக் கணக்கில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஜிக் ஹெட் பொட்டலத்தில் 3.5 கிராம் என்று இருக்கும். அதில் 3 அங்குல ரப்பர் மீனைக் கோர்த்தால் மொத்தம் 7 கிராம் பக்கம் வந்துவிடும். ராடில் எழுதியிருப்பது இந்த மொத்த எடைக்கான கணக்கு. மாறாக, 5 கிராம் மின்னோ (சின்ன மீன் வடிவக் கெட்டி லூர்) என்றால் அது முழுசாக 5 கிராம்தான். வீட்டில் மின்னணுத் தராசு இருந்தால் நீங்கள் அதிகம் போடப்போகிற மூன்று லூர்களை நிறுத்துப் பாருங்கள். அந்த எடைகள் ராடின் வரம்புக்கு நடுவில் விழ வேண்டும். 3.5–12 என்றால் 5 முதல் 9 வரை சுகமாகப் பறக்கும். இரண்டு கோடியிலும் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். இறக்குமதி ராடுகளில் எடை அவுன்ஸில் இருக்கும்: 1/8 அவுன்ஸ் 3.5 கிராம், 1/4 அவுன்ஸ் 7, 3/8 அவுன்ஸ் 10.6.

'பாஸ் ராடு' என்று வருபவை அமெரிக்க நன்னீர் ஏரிகளில் இருக்கும் லார்ஜ்மவுத் பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்தவை. லூர் எடையும் வளைவும் நமக்கு அப்படியே பொருந்தும், தாராளமாக வாங்கலாம். பார்க்க வேண்டியது உலோகம். வளையங்களின் சட்டம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். மலிவான முலாம் பூசிய சட்டம் என்றால், நூல் சுற்றியிருக்கும் இடத்துக்கு அடியில் உப்பு புகுந்து, மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு பிடித்துவிடும். பேட்காஸ்டிங் வகை, அதாவது விசை வைத்து ரீல் மேலே உட்காரும் ராடு, உங்களுக்கு வேண்டாம். அதில் லூரின் இழுப்புதான் ரீல் உருளையைச் சுற்ற வைக்கிறது. 5 கிராமுக்கு அந்த பலம் போதாது. அதற்கென்றே செய்த ரீலின் விலை உங்கள் பட்ஜெட்டில் அடங்காது.

அடுத்து, வளைவு முனையோடு நிற்கிறதா, கீழே இறங்குகிறதா என்பது. 'எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்' என்று எழுதியதைத் தவிர்த்து, 'ரெகுலர் ஃபாஸ்ட்' அல்லது 'ஃபாஸ்ட்' எடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. பிரைடு நரம்பு தங்கூஸ் (நைலான் நரம்பு) மாதிரி இழுபடாது. கொடுவா தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ராடு மட்டும்தான் இருக்கிறது. முனை மட்டும் வளைந்து மற்றதெல்லாம் விறைப்பாக நின்றால், மின்னோவின் சிறிய மும்முனைக் கொக்கி கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ரொம்ப மெத்தென்று அடி வரை வளைகிற ராடும் ஆகாது; ஜிக் ஹெட்டின் ஒற்றைக் கொக்கி கொடுவாவின் தாடையில் இறங்காது.

கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரீலை மாட்டி, எல்லா வளையங்கள் வழியாகவும் நரம்பை விட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கட்டுங்கள். கைப்பிடியை 45 டிகிரியில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, சீராகக் கீழே இறங்கும் வளைவு வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடங்கியது போலத் தெரிந்தாலோ, இரண்டு துண்டு சேரும் இடத்தில் வளைவு நேராகிவிட்டாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டும். முனை வளையத்தை இரண்டு தடவை பாருங்கள், பிரைடு முதலில் அறுபடுவது அங்கேதான். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனைகளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

ராடின் கார்பன் அளவைப் பற்றி (டன் எண் கூடினால் விறைப்பு கூடும்) விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். 24 டன், 30 டன் போதும். 40 டன் இலேசாக இருக்கும், ஆனால் அடி தாங்காது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத் தூண்டில் வளைவுப் பாறைகளில் ஒரு தட்டுத் தட்டினால் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு நல்ல மீன் ஏறும்போது அதே இடத்தில் முறியும். ஐஎம்6, ஐஎம்8 என்ற எண்களை வைத்து ஒரு கம்பெனி ராடை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது, அது பொதுத் தரக்குறியீடு இல்லை. கைப்பிடி தக்கையா ஃபோமா என்பது உங்கள் விருப்பம்.

7 அடிக்கு மேல் போனால் தூரம் கூடும்தான். ஆனால் கழிமுகத்தில் மாங்குரோவ் ஓரமாகப் பக்கவாட்டில் வீச வேண்டி வரும், அங்கே நீளம் இடிக்கும். இரண்டு துண்டு என்றால் ஏறக்குறைய மூன்றரை அடியில் அடங்கும். பொன்னேரி வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறுகிறவருக்கு ஒற்றைத் துண்டு பெரிய தொல்லை.

நரம்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் 30 பவுண்டு பிரைடு 5 கிராமுக்குத் தடிமன். பிஇ 1 என்பது 0.165 மில்லிமீட்டர், அதில் 150 மீட்டர் வாங்கி, அடியில் சில சுற்று தங்கூஸ் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரைடு உருளையில் வழுக்கும். உருளை விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் போதும்; ததும்பினால் சிக்கல்தான். முன்னால் 16 முதல் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (பிரைடுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் துண்டு நரம்பு) ஒரு மீட்டர், பிரைடோடு இணைக்க எஃப்ஜி என்ற மெல்லிய முடிச்சு. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கூர்மையானது, பாறையில் ஒட்டிய சிப்பியும் அப்படியே. லீடர் இல்லாத பிரைடு இரண்டிலும் நிற்காது. டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விடும் ரீலின் பிடி) 2 கிலோவில் வையுங்கள்; பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும், வீசிய பிறகு ரீல் கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். பிரைடில் முடிச்சு விழுவது பெருமளவு நின்றுவிடும்.

மீனைக் கரையேற்றும்போது ராடைச் செங்குத்துக்கு மேல் பின்னால் சாய்க்காதீர்கள், முனை முறிவது பெரும்பாலும் அப்போதுதான். மீனையும் ராடால் தூக்க வேண்டாம், வலை வையுங்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: கார்பன் மின்சாரம் கடத்தும். எண்ணூர் கழிமுகத்துக்குக் குறுக்கே உயர் அழுத்தக் கம்பிகள் போகின்றன. அவற்றுக்கு அடியில் நின்று வீசவே கூடாது. இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு வளையங்களையும் ரீல் பூட்டும் இடத்தையும் கழுவி, துண்டுகளைக் கழற்றியே காய வையுங்கள். ரீலை முக்கி எடுக்காதீர்கள். டிராகை இறுக்கிக் கழுவி, துடைத்த பிறகு தளர்த்துங்கள்.

இந்த ராடு கொடுவா, சின்னப் பாரை, செம்பல்லி வரை தாங்கும். ஆகாயத்தாமரைக்குள் தவளை லூர் போட்டு விரால் பிடிக்க ஆகாது. கடித்த விராலைச் செடியோடு சேர்த்து இழுக்க அதற்கு வலு இல்லை. அந்த வேலைக்கு உங்கள் பழைய மீடியம் ஹெவியும் 30 பவுண்டு பிரைடும் சரியாக இருக்கும், அதை விற்றுவிடாதீர்கள்.