வர்க்கியா, முட்டையா? கொலஸ்ட்ரால் கேள்விகளுக்குப் பதில்

குன்னூர் வாசகி: காலையில் டீயோடு நாலு வர்க்கி (நம் நீலகிரியின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) என் வழக்கம். டெஸ்டில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 162. வீட்டில் முட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தட்டுமா?

முட்டை இருக்கட்டும் அம்மா, வர்க்கியைக் குறையுங்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் கல்லீரலே செய்வது. ஒரு முட்டையில் சுமார் 185 மி.கி. கொலஸ்ட்ரால் இருந்தாலும், பெரும்பாலானோருக்கு அது எல்.டி.எல்.லைக் கொஞ்சம்தான் ஏற்றும். நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய் மாதிரி இறுகி நிற்கும் கொழுப்பில் அதிகம் இருப்பது, அப்படியில்லை. எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேலையையே அது மந்தமாக்குகிறது. வர்க்கி அடுக்கடுக்காகப் பொரிந்து வர வனஸ்பதி மாதிரி இறுகிய கொழுப்பு வேண்டும். எண்ணெயை வனஸ்பதியாக இறுக்கும்போது உருவான டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம்: எல்.டி.எல்.லை ஏற்றி, நல்லதான எச்.டி.எல்.லை இறக்கும். 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, மனதார வரவேற்கிறேன். ஆனால் டிரான்ஸ் போனாலும் நிறைவுற்ற கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது. வர்க்கியை விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் மலையின் அவரையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். அதன் நார்ச்சத்து எல்.டி.எல்.லைக் குறைக்க உதவும். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள், தைராய்டையும் சேர்த்து. தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

கூடலூர் வாசகர்: தேங்காய் எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருக்கிறதே?

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 சுமார். அவியலுக்கு ஒரு ஸ்பூன் விடுங்கள், தினசரிச் சமையலுக்கு மற்ற இரண்டில் ஒன்று.

கோத்தகிரி வாசகி: தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) காய்க்கிறது. சாப்பிடலாமா?

தாராளமாக. அதில் இருப்பது பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயில் உள்ள வகைக் கொழுப்பு. சர்க்கரை போட்டு ஜூஸ் அடிக்காமல் உப்பு, மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுங்கள்.

ஊட்டி வாசகர்: இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அட்டோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டு எல்.டி.எல். சரியாகிவிட்டது. இனி சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அளவு இறங்கியிருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இன்னொன்று, நம் ஊர்க் குளிரில் மேடு ஏறும்போது நெஞ்சு இறுகினால் வாயு என்று சுக்குக் காபி குடித்துக் காத்திருக்காதீர்கள். உட்கார்ந்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.