குவாங்சோவிலிருந்து பவளத்தீவு வரை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: பசிபிக் தீவு நாடான கிரிபட்டியின் தலைத்தீவு தாராவாவில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறேன். வெளித்தீவுப் பள்ளிகள் சிலவற்றுக்குக் கூரைத்தகடு, தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் ஆகியவற்றைச் சீனாவிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. குவாங்சோ விற்பனையாளர் சொல்லும் பொருள் விலை மலிவுதான். ஆனால் கப்பல் கட்டணம் பொருளின் விலையையே எட்டிப் பிடித்துவிடுகிறது. அமெரிக்கா இதைவிடத் தொலைவு. அங்கே கட்டணமோ குறைவு என்கிறார்கள். என்னை ஏமாற்றுகிறார்களா? (தாராவாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஏமாற்று இருக்க வேண்டியதில்லை. கடல்வழிச் சரக்கில் தொலைவுக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு பயணத்தில் எத்தனை கண்டெய்னர்கள் போகின்றன, திரும்பும்போது கப்பலில் என்ன வருகிறது, துறையில் அது எத்தனை நாள் காத்துக் கிடக்கிறது என்பவைதான் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் பெரிய கப்பலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இருபது அடிக் கண்டெய்னர்கள் ஏறும்; எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், கப்பல் வாங்கிய கடனுக்கான வட்டி என எல்லாமே அத்தனை கண்டெய்னர்களின் தலையிலும் பங்கிட்டு விழுவதால், ஒவ்வொன்றுக்கும் வரும் சுமை சிறுத்துவிடுகிறது. கிரிபட்டியில் இருப்பவர்கள் ஏறக்குறைய 1,20,000 பேர். அவர்களுக்கு வேண்டிய அரிசி, மாவு, சர்க்கரை, சிமெண்டு அனைத்தையும் சேர்த்தாலும் அப்படிப்பட்ட கப்பல் ஒன்றை நிரப்புவதற்கு நெடுங்காலம் ஆகும். ஆகவே பெரிய கப்பல் அங்கே வருவதில்லை. சில நூறு கண்டெய்னர்களைச் சுமக்கும், சொந்தக் கிரேன் பொருத்திய சிறிய கப்பல்தான் வருகிறது. செலவு அதே வகையானது. பங்கிட்டுக்கொள்ளும் தலைகள் மட்டும் குறைவு.

உங்கள் சரக்கு போகும் வழியையும் பாருங்கள். குவாங்சோவில் ஏறிய கண்டெய்னர், நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்து, தென்கொரியாவின் பூசான், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், ஃபிஜியின் சுவா போன்ற ஓரிடத்தில் இறக்கப்பட்டு, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்து, மறுபடியும் ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிரேன் கூலி உண்டு, முற்றத்தில் கிடப்பதற்கும் கூலி உண்டு. சுவாவிலிருந்து தாராவா சுமார் 2,200 கிலோமீட்டர். பெரிய கப்பல் இரண்டு நாள் தாமதித்து, சிறிய கப்பல் அதற்குள் கிளம்பிப் போய்விட்டால், அடுத்தது வரும் வரை உங்கள் தகடுகள் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் திரும்பும் வழி. கிரிபட்டியிலிருந்து வெளியே போகக்கூடியது பெரும்பாலும் கொப்பரையும் மீனும்தான். அதிலும் சூரை மீன் இந்தச் சிறிய கப்பல்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. மீன்பிடிக் கப்பல்கள் தாராவா, மார்ஷல் தீவுகளின் மஜூரோ போன்ற இடங்களின் காயலுக்குள் வந்து, பிடித்த மீனை நேராகக் குளிர்பதனக் கப்பல்களுக்கு மாற்றிவிட, அது தாய்லாந்து போன்ற நாடுகளின் தகர அடைப்பு ஆலைகளுக்குப் போய்விடுகிறது. ஆக, உங்கள் பொருளைக் கொண்டுவந்த கண்டெய்னர் காலியாகத்தான் திரும்ப வேண்டும், அந்தக் காலிப் பயணத்தின் கூலியும் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. 2021-இல் சீனாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு நாற்பது அடிக் கண்டெய்னரின் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியபோது, உலகமெங்கும் கப்பல்களும் காலிக் கண்டெய்னர்களும் லாபம் கொழித்த அந்த வழியை நோக்கி ஓடின. சிறிய தீவு வழிகளுக்குக் கண்டெய்னர் கிடைப்பதே அரிதாயிற்று. சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் இந்தத் தீவுக்காரர்களே.

ஒரு யோசனை. உங்கள் பள்ளிகளில் ஏதேனும் நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள லைன் தீவுகளில் இருந்தால், அதற்கான சரக்கைத் தாராவாவுக்கு வரவழைக்காதீர்கள். தாராவாவிலிருந்து அங்குள்ள கிரித்திமத்தி தீவு 3,200 கிலோமீட்டருக்கும் மேல். அது ஹவாயின் ஹொனலுலுவுக்குத்தான் அருகில். சர்வதேச தேதிக்கோடு நடுவே போனதால் ஒரே நாட்டுக்குள் இரண்டு தேதிகள் ஓடிய நிலையைக் கிரிபட்டி 1995 தொடக்கத்தில் ஒரே அறிவிப்பில் மாற்றிக்கொண்டது. கடல் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. லைன் தீவுகளுக்கான கட்டணத்தைத் தனியாகவே கேளுங்கள்.

கேள்வி: துறைமுகமே இல்லாத தீவுகளில் கண்டெய்னரை எப்படி இறக்குகிறார்கள்? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தீவுக்குத் தீவு வழி வேறு. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பசிபிக் தீவு நாடான நவூருவை எடுத்துக்கொள்வோம். கரையை ஒட்டிப் பவளத்திட்டு. அதன் விளிம்பைத் தாண்டியதும் கடலடி சரேலென்று இறங்கிவிடுவதால் நங்கூரம் பாய்ச்ச வழியில்லை. அதனால் ஆழத்தில் சங்கிலியிட்டு நிறுத்திய பெரிய மிதவைகளில் கப்பலைக் கட்டி, அதன் சொந்தக் கிரேனால் கண்டெய்னரைப் பார்ஜ் எனப்படும் தட்டைப் படகில் இறக்கி, பார்ஜை இழுத்துக்கொண்டு அய்வோ என்னும் இடத்திலுள்ள சிறு படகுத்துறைக்கு வருவதே அங்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் மிதவையை நெருங்கவே முடியாது. அரிசியும் மாவும் நிறைந்த கப்பல் கரையிலிருப்பவர்களின் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நாள் கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், சும்மா மிதந்துகொண்டிருக்கும்; கடைகளில் அலமாரி காலியாகிக்கொண்டே வரும். இந்த அவலத்தைத் தீர்ப்பதற்காகவே ஆசிய வளர்ச்சி வங்கி, பசுமைப் பருவநிலை நிதியம், ஆஸ்திரேலிய அரசு ஆகியவற்றின் நிதியுதவியுடன் கப்பல் நேரடியாக அணையக்கூடிய துறை ஒன்றைக் கட்ட நவூரு முனைந்தது. கட்டுமானம் சைனா ஹார்பர் இன்ஜினியரிங் நிறுவனத்திடம் தரப்பட்டது.

நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதியான டோக்கெலாவ் இன்னும் கடினம். அடஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகளில் சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ஓடிவரும் கப்பல்தான் எல்லாவற்றுக்கும் வழி. அந்தக் கப்பலும் திட்டுக்கு வெளியேதான் நிற்கும். தட்டையான அடியுள்ள பார்ஜில் சரக்கை இறக்கி, பவளத்திட்டில் வெட்டிய ஒடுக்கமான வாய்க்கால் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். படகோட்டி வாய்க்காலுக்கு வெளியே நின்று, பின்னால் எழும் அலைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்து, சற்றுத் தணிந்த அலை வந்ததும் எஞ்சினை முழு விசையில் விட்டு நுழைகிறார். நுழைந்த பின் நிறுத்துவதற்கோ திரும்புவதற்கோ இடமில்லை. கரையில் ஊர் ஆண்கள் பொதுப்பணியாகக் கூடி நின்று மூட்டைகளைக் கைமாற்றி ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய 50 பேர் வாழும் பிரிட்டனின் பிட்கேர்ன் தீவுக்கு நியூசிலாந்திலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, ஆண்டில் ஒரு சில முறையே சரக்குக் கப்பல் வருகிறது. அங்கே நீண்ட படகுகள் கப்பலருகே போய்ச் சரக்கை வாங்கி வருகின்றன. துவாலு நாட்டின் வெளித்தீவுகளிலும் இதே கதைதான்; தலைத்தீவான ஃபுனாஃபுடியில் கப்பல்துறை உண்டு, மற்றவற்றுக்கு 2015-இல் ஜப்பான் அளித்த நிவாகா 3 போன்ற அரசுக் கப்பல் போய் வெளியே நிற்க, சிறுபடகு திட்டைக் கடக்கிறது.

முதல் கேள்வி கேட்ட தாராவா வாசகருக்கும் இதில் சேதி இருக்கிறது. கண்டெய்னர் தாராவாவோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்லாம் உதிரிச் சரக்கு: நாலு பேர் தூக்கிப் படகில் வைக்க முடியாத எதையும் வெளித்தீவுக்கு அனுப்ப நினைக்கக் கூடாது. குவாங்சோ ஆலையில் தகடுகளை ஒன்றரை டன் கட்டாகக் கட்டுவது அவர்களுக்கு வசதி. நீங்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சிறு கட்டுகளாக, தீவின் பெயரும் பள்ளியின் பெயரும் ஒவ்வொன்றிலும் அழியாத மையில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டிகள் காற்றைத்தான் அதிகம் சுமக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் வாங்கினால் இடம் மிச்சம்.

கேள்வி: எங்கள் சங்கம் ஃபுனாஃபுடியில் ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கருவிகள் அனுப்புகிறது. விற்பவர் "சிஐஎஃப் விலை, காப்பீடும் சேர்த்து" என்கிறார். அதுவே போதுமா? (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போதாது. சிஐஎஃப் என்றால் பொருள் விலையோடு காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை. முதலில், அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் எந்தத் துறைமுகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். "சிஐஎஃப் சுவா" என்றால் விற்பவரின் செலவு சுவாவோடு முடிந்தது. அங்கிருந்து ஃபுனாஃபுடிக்கு உள்ள ஆயிரம் கிலோமீட்டர் உங்கள் பாடு. இரண்டாவது, அந்தக் காப்பீடு. சர்வதேச வர்த்தக சபையின் இன்கோடெர்ம்ஸ் 2020 எனப்படும் விற்பனை நிபந்தனை விதிகளின்படி சிஐஎஃப்பில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு, இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் எனப்படும் விதிகளில் "சி" பிரிவு. கப்பல் எரிந்தால், மூழ்கினால், தரைதட்டினால் அது பணம் தரும். ஆனால் ஏற்றும்போதோ இறக்கும்போதோ ஒரு பெட்டி கைதவறிக் கடலில் விழுந்து முழுதாகப் போய்விட்டால், அதற்குப் பொறுப்பேற்பது "பி" பிரிவு முதல்தான். கடல்நீர் உள்ளே புகுந்து கெட்டாலும் அப்படியே. திருட்டுக்கு "ஏ" பிரிவு வேண்டும். பவளத்தீவுச் சரக்குக்கு நேரக்கூடிய விபத்துகள் எவையோ அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மற்றவற்றுக்குக் காப்பீடு என்ற நிலை இது! "ஏ" பிரிவைக் கேட்டு, பாலிசியில் கடைசித் தீவின் பெயர் வரை எழுதி வாங்குங்கள். விற்பவர் தயங்கினால், கப்பல் கூலியும் காப்பீடும் சேராத எஃப்ஓபி அல்லது எஃப்சிஏ விலையில் பொருளை வாங்கிக்கொண்டு, தீவு வழிகளை அறிந்த சரக்கு முகவர் ஒருவர் மூலம் கப்பலையும் காப்பீட்டையும் நீங்களே ஏற்பாடு செய்வது மேல். நான் இதையே பரிந்துரைப்பேன்.

கருவிகளில் லித்தியம் பேட்டரி இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அது ஒன்பதாம் வகுப்பு அபாயச் சரக்கு. பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் ஏற்றுபவர்கள் பலர் அதைத் தொடவே மாட்டார்கள்.

கேள்வி: ஒரு முழுக் கண்டெய்னர் எடுப்பதா, பங்குக் கண்டெய்னரா? (அதே வாசகி)

பதில்: பங்குக் கண்டெய்னரில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. இருபது அடிக் கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். பாதி நிரம்பும் நிலை வந்தால் முழுதாக எடுப்பதன் விலையைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். பங்குச் சரக்கு வழியில் பிரித்து அடுக்கப்படும்போதுதான் பெட்டிகள் நசுங்குகின்றன, காணாமலும் போகின்றன. எப்படி அனுப்பினாலும், வெப்பக் கடலில் கண்டெய்னரின் கூரையில் வேர்த்து உள்ளே சொட்டும் நீரை மறக்க வேண்டாம்; ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் மூடப்படுவதால் அதற்கு முந்தைய வாரங்களில் கப்பலில் இடம் கிடைப்பது கடினம்.

கேள்வி: மரப்பெட்டியில் ஒரு முத்திரை இல்லை என்று சரக்கையே நிறுத்திவிடுவார்களாமே, இது வெறும் கெடுபிடி இல்லையா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நிறுத்துவார்கள், நிறுத்துவதும் சரியே. மரப்பெட்டியும் பலகையும் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடமாவது சூடாக்கப்பட்டதற்கோ, மருந்துப் புகையிடப்பட்டதற்கோ அடையாளம், கோதுமைக் கதிர் படம் பொறித்த அந்த முத்திரை. தென்னையைத் தவிரப் பெரிய பயிர் இல்லாத தீவில் ஒரு வண்டு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே சான்று உண்டு. நம் தென்னந்தோப்புகளில் அனைவரும் அறிந்த காண்டாமிருக வண்டு, 1909-இல் இலங்கையிலிருந்து அனுப்பிய ரப்பர் கன்றுகளோடு சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் தென் பசிபிக்கில் பரவியது. குவாமில் 2007-இலும், சாலமன் தீவுகளில் 2015-இலும் புதிதாக அது கண்டறியப்பட்டபோது, முன்பு அதை அடக்கிய வைரஸால் எளிதில் அடங்காத வகையாக இருந்தது. கொப்பரையே வருமானமான குடும்பத்துக்கு மரம் போனால் எல்லாம் போயிற்று. சரக்கு முகவரிடம் முத்திரையின் புகைப்படத்தைக் கப்பல் ஏறுமுன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலியாகத் திரும்பும் கண்டெய்னர்களில் தீவின் குப்பையையாவது ஏற்றி அனுப்பலாமே? (கோவையிலிருந்து ஒரு மாணவி)

பதில்: நல்ல கேள்வி, ஏற்கெனவே நடக்கிறது. ஆப்பியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் அமைப்பும் ஸ்வயர் ஷிப்பிங் நிறுவனமும் 2018-இல் "மோவானா டாக்கா" என்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மறுசுழற்சிக்கு உரிய, ஆனால் வணிக மதிப்புக் குறைந்த குப்பையை, காலியாகப் போகும் கண்டெய்னர்களில் கட்டணமின்றி ஏற்றிச் சென்று, அதைக் கையாளும் வசதியுள்ள ஆசிய பசிபிக் துறைமுகங்களில் சேர்ப்பதே ஏற்பாடு. ஆனால் குப்பையைத் தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, துறைமுகத்துக்குக் கொண்டுவரும் வேலையும், ஏற்கும் நாட்டின் அனுமதிப் பத்திரங்களும் தீவின் பொறுப்பு. கப்பல் கூலி இல்லாவிட்டாலும் இந்த வேலைக்கு ஆளும் இயந்திரமும் பணமும் வேண்டும். தலைத்தீவில் இதைச் செய்துவிடலாம். வெளித்தீவில் சேரும் பழைய பேட்டரியையும் தகரத்தையும் முதலில் திட்டைத் தாண்டிப் படகில் ஏற்றியாக வேண்டும்; அதற்கு இந்த உடன்பாட்டில் இடமில்லை.