வாசகர் கேள்வி-பதில்: வீல்சேர் போகும் பாதையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: கோவையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வீல்சேர்தான். ரெட்வுட் மரங்களைக் காட்ட ஆசைப்பட்டு, வீல்சேர் சின்னம் போட்டிருந்த ஒரு ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். நூறடிகூடத் தள்ள முடியவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
*வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

பதில்: அந்தச் சின்னத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பல இடங்களில் அது பார்க்கிங்கையும் கழிவறையையும் மட்டுமே குறிக்கும். பாதைக்கு எண்கள் வேண்டும்: ஏற்றம், பக்கச் சரிவு, மிகக் குறுகலான இடத்தின் அகலம். தரை எப்படிப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

அமெரிக்க மத்திய அரசு நிலங்களில் போடும் பாதைகளுக்கு 2013 முதல் ஒரு விதிமுறை இருக்கிறது. ஸ்டேட் பார்க்குகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. அகலம் குறைந்தது 36 அங்குலம். ஏற்றம் 5 சதவீதம் (நூறடி போவதற்குள் ஐந்தடி உயர்வது) வரை என்றால் எவ்வளவு தூரமும் போகலாம். 8.33 சதவீதம் என்றால் 200 அடிக்குள்ளும், 10 என்றால் 30 அடிக்குள்ளும், 12 என்றால் 10 அடிக்குள்ளும் முடிந்து, நின்று இளைப்பாற ஒரு சமதளம் வர வேண்டும்.

ஒரே ஆள் தள்ளுவதானால் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதி டிகிரியில் காட்டும். 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 3 டிகிரி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆபத்து: 5 டிகிரி என்பது கிட்டத்தட்ட 9 சதவீதம். இணையத்தில் கிடைக்கும் சராசரி ஏற்றமும் ஏமாற்றும். ஒரு மைல் முழுக்கச் சமமாக இருந்து, நடுவில் நாற்பதடி செங்குத்தாக இருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும்.

பலரும் மறப்பது பக்கச் சரிவை. பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வண்டி தாழ்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தள்ளுபவரின் ஒரு கை மட்டும் ஓயாமல் உழைக்கும். பக்கவாதம் வந்தவருக்கு இது இன்னும் முக்கியம். பலவீனமான பக்கம் தாழ்வாக அமைந்தால் உடம்பு அப்படியே சரியும். இடுப்பு பெல்ட் இல்லாமல் போக வேண்டாம். மண் பாதையில் பக்கச் சரிவு 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சிமென்ட், தார், பலகைப் பாதைகளில் 2 சதவீதம்தான் வரம்பு.

கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்ஸ் தளத்தில் பூங்கா வாரியாக வசதி விவரம் உண்டு. அதைப் படித்த பிறகும் பூங்காவுக்குப் போன் செய்து கேளுங்கள்: மிகச் செங்குத்தான இடம் எத்தனை அடி நீளம்? மழைக்குப் பின் சேறாகிறதா? மரம் விழுந்து கிடக்கிறதா? மரப்பாலம் தொடங்கும் இடத்தில் மண் அரித்துப் படி விழுந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டு அங்குலப் படி போதும், முன் சக்கரம் முட்டி நின்றுவிடும்.

ரெட்வுட் பார்க்க, சான்டா குரூஸ் பக்கம் ஃபெல்டனில் உள்ள ஹென்றி கோவெல் ஸ்டேட் பார்க்கைச் சொல்வேன். அங்குள்ள ரெட்வுட் தோப்புச் சுற்றுப்பாதை சுமார் 0.8 மைல், இறுகிய தரை, பெரும்பாலும் சமம். முதிய மரங்கள் பாதையை ஒட்டியே நிற்பதால், உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்க்கலாம்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த மடக்கு வீல்சேர் இதற்குப் போதுமா?

பதில்: பின் சக்கரம் 24 அங்குலம் என்றால் இறுகிய தரைக்குப் போதும். நான்கும் சின்னச் சக்கரமாக இருக்கும் வண்டி வேண்டவே வேண்டாம். தளர்ந்த சரளையில் முன் சக்கரங்கள் புதையும். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பின் சக்கரங்களில் தள்ளுங்கள், அல்லது வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். செங்குத்தான இறக்கத்திலும் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா முன்னால் சரிந்துவிடுவார். கரடுமுரடான பாதைக்கென்றே சில மாநிலங்களில் டாங்கிபோலப் பட்டை ஓடும் மின் நாற்காலிகளைத் தருகிறார்கள். கொலராடோவின் ஸ்டான்டன் ஸ்டேட் பார்க்கிலும் மின்னசோட்டாவின் சில பூங்காக்களிலும் இலவசம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான நேஷனல் பார்க் பாஸ் ஸ்டேட் பார்க்கில் செல்லுமா?

பதில்: செல்லாது. அது மத்திய அரசு இடங்களுக்கு மட்டும். அதையும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கே தருவார்கள், விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்குக் கிடைக்காது. கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளுக்குத் தனிச் சலுகை பாஸ் இருக்கிறது. அதைக் காட்டினால் பகல்நேர வாகனக் கட்டணம் பாதி.